அலையும் சுருளும்: ஒரு காவபூவைக் கண்ணாரக் காண

ஒரே ஈற்றில் பிறந்த காவபூக் குட்டிகளைத் தரையில் விட்டுவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். ஒன்று தேன்நிறம். ஒன்று முற்றிய பழுப்பு. மூன்றாவது நல்ல கருப்பு. நெஞ்சில் மட்டும் கைப்பிடியளவு வெள்ளை. ஒன்றின் முதுகில் முடி நீரோட்டமாகப் படிந்திருக்கும்; பக்கத்தில் படுத்திருக்கும் தங்கைக்கோ அது இப்போதே வளையத் தொடங்கியிருக்கும். தாய் காவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல், தந்தை குள்ளப் பூடில். இங்கிலாந்தின் பூங்காக்களில் இன்று பத்தடிக்கு ஒன்றாகத் துள்ளித் திரியும் இந்தக் கலப்புக்கு அந்நாட்டுக் கென்னல் கிளப்பின் இனப் பட்டியலில் இடமில்லை. இல்லாவிட்டால் என்ன? எந்த முகம் வரும், எந்த நிறம் வரும் என்று அறுதியிட முடியாத இந்த இனிய தடுமாற்றம் பட்டியலில் ஏறிய எந்த இனத்துக்கு வாய்க்கும்?

முதலில் அந்த முடியைப் பார்ப்போம். நாய்களின் முடி ஆயிரம் விதமாகத் தோன்றினாலும், வேறுபாட்டின் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நீளத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று, மீசைக்கும் புருவத்துக்கும் ஒன்று. மீசைக்குரியது ஓங்கி நிற்கும் குணம். பூடிலிடமிருந்து ஒரு பங்கு வந்துவிட்டாலே போதும். அதனால்தான் காவலியரின் வழுவழுப்பான முகவாயில் இல்லாத மெல்லிய தாடி பிள்ளையின் முகத்தில் எட்டிப் பார்க்கிறது. சுருளின் கதை வேறு. பூடிலின் இறுகிய சுருளும் காவலியரின் படிந்த பட்டும் பாதிவழியில் சந்தித்துக்கொள்ள, முதல் தலைமுறைக் காவபூவுக்குப் பெரும்பாலும் அமைவது அலை. தோளில் இளகி, இடுப்பில் நெளிந்து, தொடையில் வளைந்து இறங்கும் அந்த அலையை விரல்களால் கோதிப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. அந்தக் காவபூவை மறுபடியும் பூடிலோடே சேர்த்தால் பிறக்கும் குட்டிகளுக்குச் சுருள் இறுகும். முடி உதிர்வதும் குறையும். வீடெங்கும் முடி விழாமலிருக்க அதைத்தான் பலரும் கேட்டு வாங்குகிறார்கள். என் கண்ணுக்கு அலைதான் அழகு.

உதிராத முடிக்கு ஒரு விலை உண்டு. உதிர வேண்டியது உதிராமல் உள்ளேயே தங்கிச் சிக்காகும். பிறந்த ஆறாம் மாதம் முதல் ஓராண்டுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் பருவம். நேற்றுவரை பஞ்சாக இருந்த குட்டியை ஒரு வாரம் சீப்புத் தொடாமல் விட்டால் காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தோலோடு ஒட்டிய கட்டிகள் விளைந்துவிடும். கைதேர்ந்தவர்கள் சீவுவதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மேலாக இழுப்பதில்லை. இடக்கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கி, தோல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும்வரை வகிடெடுத்து, அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குகிறார்கள். வளைந்த கம்பிப்பல் பிரஷ் முதலில். பிறகு எஃகுச் சீப்பு. சீப்பு வேரிலிருந்து நுனிவரை எங்கும் நிற்காமல் வந்தால்தான் அந்த வகிடு முடிந்தது. அப்புறம் அடுத்த வகிடு. குளிப்பாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஈரம் பட்ட சிக்கு இறுகுமே ஒழிய அவிழாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் உதிராத முடியை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். அந்த ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் தோல் செதிளிலும் எச்சிலிலும் இருப்பது. குட்டியோடு பல மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தாய்வழி வந்த நகை ஒன்று உண்டு. வெள்ளையும் செம்பழுப்புமான காவலியருக்கு, நெற்றியின் வெள்ளை வகிட்டுக்கு நடுவே, இரு காதுகளுக்கும் சமதூரத்தில் சில சமயம் ஒற்றைச் செம்பழுப்புப் பொட்டு அமையும். அந்த நிறத்துக்கே ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பிளென்ஹைம் அரண்மனைப் பெயர்தான். 1704இல் பிளென்ஹைம் போருக்குப் போன மார்ல்பரோ பிரபுவின் சேதிக்காகக் காத்திருந்த அவர் மனைவி சாரா, மடியிலிருந்த சினைநாயின் நெற்றியைப் பதற்றத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம்; பிறந்த குட்டிகளின் நெற்றியில் எல்லாம் அந்த விரல் பதிந்திருந்ததாம். கதைதான். ஆனால் அந்தப் பொட்டின் மேல் நம் விரலும் தானாகப் போய் அமர்வதைப் பார்த்தால், கதை கட்டியவர் நாயைத் தொட்டுப் பழகியவர் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். காவபூவுக்கு அந்தப் பொட்டு முழுசாக வாய்ப்பது அபூர்வம். ஒரே நிறப் பூடில் தந்தையாக வந்தால் வெள்ளை ஒதுங்கி ஓரங்களுக்குப் போய்விடும்: நெஞ்சில் ஒரு தீற்றல், முன்னங்கால் விரல்களில் ஒரு நனைப்பு, வால் நுனியில் நாலு இழை. நடக்கும்போது அந்த வெள்ளை விரல்கள் மாறி மாறித் தெரிவதைக் கவனியுங்கள். பாலில் மிதித்துவிட்டு வந்த பிள்ளையின் நடை.

மூஞ்சியின் நீளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் இந்தச் சிறு ஸ்பேனியல்களோடு எந்நேரமும் இருந்தவர். அரசவை நடக்கும்போதே நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் பீப்ஸ் 1667இல் தம் நாட்குறிப்பில் அலுத்துக்கொண்டிருக்கிறார். அந்நாளைய ஓவியங்களில் அவற்றின் மூக்கு நீண்டு, தலை தட்டையாக இருக்கும். பிந்தைய நூற்றாண்டுகளில் தட்டை முகம் நாகரிகமாகி, மூக்கு உள்ளே போய், மண்டை உருண்டுவிட்டது. ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்கு வந்து பழைய ஓவியத்து நாயைத் தேடினார், கிடைக்கவில்லை. 1926இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், பழைய முகவெட்டுக் கொண்ட நாய்க்கு 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். அன்றைக்கு அது நல்ல பணம். 1928இல் சங்கம், 1945இல் காவலியர் தனி இனமென்ற ஏற்பு. ஓவியத்திலிருந்து ஒரு முகத்தை மீண்டும் உயிருக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பூடில் கலந்ததில் அந்த முகம் இன்னும் சற்று நீள்கிறது. மூச்சுக்கும் பல்வரிசைக்கும் நல்லது அது. குட்டி தேர்ந்தெடுக்கும்போது பொம்மை முகமென்று தட்டையைத் தேடாதீர்கள். நெற்றியிலிருந்து மூக்குக்கு ஒரு தெளிவான இறக்கம் இருக்கட்டும்.

கண்கள் பெரியவை, வட்டமானவை, கருமைக்கு அருகில் நிற்கும் பழுப்பு. ஆனால் நம்மைக் கவிழ்ப்பது கண்ணுக்கு மேலே இருக்கிறது. புருவத்தின் உள்முனையை உயர்த்துவதற்கென்றே நாய்க்கு ஒரு சிறு தசை நன்றாக அமைந்திருப்பதையும், ஓநாய்க்கு அது ஏறக்குறைய இல்லை என்பதையும் 2019இல் கண்டு சொன்னார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக மனித முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கப்பட்ட தசை. காவபூவுக்கு அந்தத் தசைக்கு மேல் பூடில் தந்த புருவமயிரும் உண்டு. ஒன்று ஏற ஒன்று நிற்க, கேள்வி கேட்பதற்கு வேறு என்ன வேண்டும்? அந்த மயிர் வளர்ந்து விழியில் விழாமல் முனைமழுங்கிய கத்தரியால் அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். உள்மூலையில் தேங்கும் கண்ணீரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றினால் போதும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஓர் அழகு: இதயத்தின் தாளம். காவலியரின் பெருங்குறை அங்கேதான். இடப்பக்க வால்வு தளர்ந்து, ஐந்து வயதுக்குள் ஏறக்குறையப் பாதிக் காவலியர்களின் இதயத்தில் முணுமுணுப்பு கேட்கத் தொடங்குகிறது. மண்டையோடு மூளைக்குக் குறுகலாகிப்போகும் துன்பமும் உண்டு. இந்தக் காரணங்களால் நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023இல், அந்நாட்டில் தூய காவலியரைக் காவலியரோடு சேர்த்துக் குட்டி எடுப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கலப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி 2024இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, இத்தகைய கலப்புகள் பெற்றோர் இனங்களைவிடப் பொதுவில் ஆரோக்கியமானவை என்ற நம்பிக்கைக்கு ஆதரவு தரவில்லை. ஆகவே குட்டியின் கண்ணை ரசிக்குமுன் தாயின் இதயப் பரிசோதனைச் சான்றிதழையும், தந்தையின் கண், முழங்கால் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வளர்ந்த பிறகு, அது அயர்ந்து உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. ஏற ஏற மருத்துவரிடம் போக வேண்டும்.

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள் என்ற பழைய புத்திமதி இன்று இங்கிலாந்தில் சட்டம். வேல்ஸின் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற காவலியரின் பெயரால், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது அது. இடைத்தரகர் குட்டி விற்கக்கூடாது; எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கக்கூடாது என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. சட்டத்துக்காக மட்டுமல்ல, கண்ணுக்காகவும் தாயைப் பாருங்கள். அயலார் உள்ளே வந்ததும் தாய் எழுந்து வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப்போய்ப் படுத்தால், வீட்டில் அமைதி இருக்கிறது. பிறகு சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். எல்லாக் குட்டிகளும் திடுக்கிடும். திடுக்கிட்டுப் பின்வாங்கி, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு காலாக வைத்துத் திரும்பி வந்து சாவியை முகர்கிறதே ஒன்று, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனியல் புதருக்குள் மூக்கை நுழைத்துப் பறவையை எழுப்பிவிட்ட குலம். பூடில் குளத்தில் குதித்து வாத்தைக் கவ்வி வந்த குலம். மழை விட்ட ஆங்கிலப் புல்வெளியில் காவபூவை அவிழ்த்துவிட்டால் இரண்டு பாட்டனாரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வார்கள்: மூக்கு தரையில், கால் குட்டையில், வால் வட்டமாக. வீடு திரும்பியதும் முதலில் துடைக்க வேண்டியது காது. இரண்டு விரலால் அந்தக் கனத்த மடலைத் தூக்கி, உள்ளே ரோஜா நிறத் தோல் உலர்ந்திருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாடை வந்தால் பஞ்சுக்குச்சி போட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அந்தக் காதுக்காகவே ஒரு பாத்திரம் உண்டு. ஸ்பேனியல் கிண்ணம். அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகி, வாய் ஒடுங்கிய கனத்த பீங்கான். நாய் குனிந்தால் மூஞ்சி மட்டும் உள்ளே போகும். இரு காதுகளும் சரிந்த சுவரின் மேல் வெளிப்புறமாகப் படிந்து நனையாமல் கிடக்கும். இவ்வளவு கரிசனத்தோடு வளைத்த விளிம்பு சமையலறையில் வேறு எந்தப் பாத்திரத்துக்கும் இருக்காது. கிறிஸ்துமஸ் மாதத்தில் உலர்திராட்சை போட்ட புட்டிங்கின் துணுக்கு அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. காதுக்கு வழி கண்ட குயவர்கள் பூடில் கொடுத்த மீசைக்கு மட்டும் இன்னும் வழி காணவில்லை. தண்ணீர் குடித்த மீசையோடு அது நேரே உங்கள் மடிக்குத்தான் வரும். துண்டு ஒன்று எப்போதும் கிண்ணத்தருகே இருக்கட்டும்.