ஒட்டகமும் உப்பில்லாக் கீரையும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஒரு சுற்றுலாக் குழுவினருக்குச் சிறுபாணாற்றுப்படை பற்றிச் சொல்லப் போயிருந்தேன். பதினோரு பேர், ஒரு வேன், இரண்டு நாள். பயணத்துக்குக் 'கோட்டை நகரங்களும் பாலை நிலமும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம், மறுநாள் திண்டிவனத்துக் கிடங்கில் வழியாகச் செஞ்சி. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு இப்படிப்பட்ட சிறு குழுப் பயணங்களுக்குக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். "இதில் பாலை எங்கே வருகிறது?" என்று கேட்டேன். "மரக்காணம் உப்பளம்தான் மேடம். வெயில்ல வெள்ளையா, கண்ணுக்கெட்டின தூரம் ஒண்ணுமே இல்லாம இருக்கும். போட்டோவில ராஜஸ்தான் மாதிரியே வரும்" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்தி பாத்தியாக வேலை நடக்கிற இடம் அது. களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சி, காயவிட்டு, நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். ஈரம் வடிந்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். நாங்கள் போன அன்று வாரியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சுமந்தவர்கள் எல்லாரும் பெண்கள்.

பாலையும் கோட்டையும் பார்க்கப் போகும் குழு தமிழுக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையே அப்படி ஒரு வழித்துணை நூல்தான். 269 அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடி எதிரே வரும் இன்னொரு பாணன் கூட்டத்துக்கு ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியைச் சொல்கிறான். முதலில் வேனில் கொளுத்தும் பாலை வழி. அதன்பின் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் தலைநகரான கிடங்கில். எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்பதுவரை விவரம் இருக்கிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்பது இன்றைய இடைக்கழிநாட்டில்தான். எயில் என்றால் மதில். மதிலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்தப் பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காண்கிறார்கள். ஆகவே அந்த வேனில் எனக்கு ஓர் இருக்கை கொடுத்ததில் நியாயம் இருந்தது.

உப்பளத்து வரப்பில் நின்று பேசினேன். என்னிடம் நிச்சயமாகக் கைதட்டல் வாங்கித் தரும் ஓர் இடம் உண்டு. எயிற்பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள், படுத்துத் தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன என்கிறார் புலவர். பாலைவனம் காணாத இந்தக் கரையில் ஒட்டகம்! அயல்நாட்டு வணிகம், கப்பல், 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' குறிப்பிடும் சோபட்மா துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்ற கருத்து எல்லாவற்றையும் அந்த ஒட்டகத்தின் முதுகில் ஏற்றினேன். கைதட்டினார்கள். பிறகு உப்புக் கூடையோடு வரிசையில் போன பெண்களைப் படம் எடுத்தார்கள்.

வரிசையில் கடைசியாக வந்த அக்கா கூடையைக் கொட்டிவிட்டு, சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "இன்னாம்மா, அம்மாம் நேரம் எங்க ஊரப் பத்தி சொன்னீங்க. உப்பு அள்ளினவங்களப் பத்தி அதுல ஏதனா இருக்குதா?" என்றார்.

"இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடம் வகுப்பில் நடத்திய பாட்டைப் பற்றி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்பது வேன் கிளம்பியபிறகுதான் உறைத்தது. அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. வேலைக்கு ஆபத்து வரும், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று இரவு விடுதியில் பாட்டை மறுபடி படித்தேன். எயிற்பட்டினத்துப் பகுதியில் தாழை பூக்கிறது, செருந்தி பூக்கிறது, முண்டகம் பூக்கிறது, புன்னை இருக்கிறது. உப்புப் பாத்தி இல்லை. அந்த அளவில் நான் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒட்டக மரம் என்ன ஆகிறது? அடுப்பில் விறகாகிறது. கரும்புகை எழத் தீ மூட்டுகிறவள் ஒரு நுளைமகள், அந்தக் கரையின் மீனவப் பெண். பழைய கள்ளை வடிக்கிறவளும் அவள்தான். வந்தவர்களுக்கு அதை ஊற்றிக் கொடுப்பவர்கள் பரதவர். இத்தனை வருடமும் ஒட்டகம் தூங்குவதோடு நிறுத்திக்கொண்டு புகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவள் முகத்தைக் கண்டு நிலா ஏங்கும் என்ற வருணனையை மட்டும் அணிநயம் என்று குறிப்பு எழுத வைத்தேன்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். வேலூரில் சுடச்சுடப் புளிச்சோறு ஆக்குகிறவர்கள் எயிற்றியர். ஆமூரில் நண்டுக் குழம்போடு வெண்சோறு வருகிறது. அந்த அரிசியைக் குற்றிய உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்துபோயிருக்கிறது என்கிறது பாட்டு. இரும்பு தேய எத்தனை ஆயிரம் குத்து வேண்டும்? எத்தனை பெண்களின் தோள் வேண்டும்? இதையெல்லாம் நாம் கேட்டதில்லை. பல்கலைக்கழக வினாத்தாளில் திரும்பத் திரும்ப வருவது நல்லியக்கோடனின் கொடைச் சிறப்பை விளக்குக என்பதுதான். வழியெல்லாம் சோறு ஆக்கியவர்கள் பெண்கள், அதன் புகழ் போய்ச் சேர்வது அரசனிடம். பாட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்றாலும், பாட்டு போகிறபோக்கில் காட்டிய கைகளைக்கூட மூடி மறைத்தது நம் பாடம்.

இங்கே பெண்ணியத் திறனாய்வில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒன்றோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆற்றுப்படை நூல்களில் விறலியை முடி முதல் அடி வரை வருணிப்பது ஆண் பார்வை, அதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்கிறோம். ஆண் பார்வைதான், மறுக்கவில்லை. சிறுபாணாற்றுப்படை நிலத்தையே ஒரு பெண்ணுடலாகக் காட்டித்தான் தொடங்குகிறது. பத்துப்பாட்டில் பொருநனுக்கும் பாணனுக்கும் கூத்தனுக்கும் நெடும்பாட்டாக ஆற்றுப்படை இருக்க, விறலிக்கு ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மை. புறநானூற்றின் 105ஆம் பாட்டில் கபிலர் ஒரு விறலியைப் பாரியிடம் வழியனுப்புகிறார். விறலியாற்றுப்படை என்று துறையே உண்டு. ஆனால் அவள் வழி சில அடிகளில் முடிந்துவிடுகிறது.

ஆயினும் சிறுபாணாற்றுப்படையின் அடி வருணனையில் ஒன்று இடறுகிறது. நடந்து நடந்து வருந்திய விறலியரின் பாதத்துக்குப் புலவர் தாமரையைச் சொல்லவில்லை. இளைத்து மூச்சு வாங்கும் நாயின் நாக்கைச் சொல்கிறார். சிவப்புக்கும் மென்மைக்கும் சொன்ன உவமை என்றுதான் நாம் பாடம் சொல்கிறோம். எனக்கு அதில் தாகம் தெரிகிறது. கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நடந்தவளின் பாதம் அது. மரநிழலில் அவளை உட்காரவைத்து இளைஞர்கள் அந்தப் பாதத்தை மெல்ல வருடிக்கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பெண்ணின் களைப்பு அங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. எங்கள் வேனில் வந்த யாரும், நான் உட்பட, உப்புச் சுமந்தவர்களின் காலைக் குனிந்து பார்க்கவில்லை. குனிந்திருந்தால் உப்புநீர் அரித்துப் பாளம் பாளமாக வெடித்த தோல் தெரிந்திருக்கும்.

உப்பு அந்தப் பாட்டில் இல்லை என்று நான் சொன்னதுதான் பெரிய பிழை. இருக்கிறது, இல்லாததாக இருக்கிறது. பயணம் தொடங்குவதற்கு முன்னால் இருந்த வறுமையைப் பாணன் சொல்லும் இடம் அது. கூரை சரிந்த அடுக்களையில் கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுக்க முடியாமல் ஈன்ற நாய் குரைக்கிறது. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். உப்பு இல்லை. உப்பில்லாத அந்தக் கீரையைப் பிறர் பார்த்துவிடுவார்களே என்று வெட்கி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

அந்தப் பயணமே உப்பில்லாத அவள் சட்டியிலிருந்துதான் புறப்படுகிறது. அந்தக் காலத்தில் உப்பு மலிவான பொருளும் அல்ல. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உமணர் மகள் நெல்லுக்கு நேர் உப்பு என்று தெருவில் கூவி விற்கிறாள். கிணைமகளிடம் மாற்றிக்கொள்ள நெல்லும் இல்லை. பாணன் யானையும் தேரும் பெற்றுத் திரும்புகிறான். ஆனால் கிணைமகள் பாட்டில் திரும்ப வருவதில்லை. அவள் கீரைக்கு உப்பு கிடைத்ததா என்று யாரும் சொல்வதில்லை. இதைப் 'பாணனின் வறுமை' என்று தலைப்பிட்டு நாம் நடத்துகிறோம். குப்பைமேட்டுக்குப் போனவளும் வெட்கப்பட்டவளும் கதவடைத்தவளும் ஒரு பெண். பேர் மட்டும் பாணன் வறுமை.

சுற்றுலா நமக்குக் காட்டும் மதில்கள் அரசர்களுடையவை. ஆலம்பரைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். வழிகாட்டிப் பலகை போதும், இதைத் தெரிந்துகொள்ளலாம். கிணைமகள் சாத்திய கதவுக்குப் பலகை இல்லை. வெறுமையான வெண்ணிலம் என்று உப்பு நிலத்தை விற்பதும் மரக்காணத்தோடு நிற்பதல்ல. குஜராத்தின் கட்ச் பகுதியில் வெள்ளைப் பாலைவனம் என்று கூடாரம் போட்டு விழா எடுப்பது உப்புப் படிந்த ரண் நிலத்தில்தான். சிறிய ரண்ணில் அகரியா மக்கள் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட மாதங்கள் உப்புப் பாத்தியின் ஓரத்திலேயே குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறார்கள். பாலைவனம் என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. தமிழில் பாலை அப்படிப்பட்ட சொல் அல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வளம் இழந்து திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அது ஒரு நிலத்துக்கு நேர்ந்த கதி. அங்கே நடந்துபோகிறவர்கள் இருப்பார்கள்.

சித்திரையில் வேன் இல்லாமல் பேருந்தில் மரக்காணம் போனேன். அதே அக்காவைத் தேடிப் பிடித்து, "அன்னைக்கு இல்லைன்னு சொன்னது தப்பு அக்கா" என்று கிணைமகளின் கதையைச் சொன்னேன். வரப்பில் குத்துக்காலிட்டுக் கேட்டார்.

"உப்பு இல்லாமயா கீரை ஆக்கினா? பக்கத்து வூட்ல ஒரு கை கேட்டிருக்கலாமே" என்றார். பிறகு தானே சொன்னார்: "கேக்க முடியாதும்மா. நேத்தும் கேட்டிருப்பா, முந்தாநாளும் கேட்டிருப்பா. கதவச் சாத்திக்கினா பாரு, அது சரி. மழை மாசத்துல நாங்களும் அப்படித்தான்."

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் உப்பளத்தில் நீர் நிற்கும். வேலை கிடையாது. மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் ஒரு வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரிக்கும் என்று கணக்குப் போட எனக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. வேலை உள்ள மாதங்களிலும் அந்த வெளியில் கழிப்பிடம் இல்லை. "தண்ணிய கொறச்சிக்குவோம்" என்றார். எங்கள் பயணத் திட்டத்தில் சுத்தமான கழிப்பறை உள்ள உணவகங்களை நேரம் போட்டுக் குறித்திருந்தார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மாணவிகளே, சங்கப் பாட்டைத் தூக்கி எறியச் சொல்லி இதை எழுதவில்லை. சுற்றுலா போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. எனக்கு வாய்த்த உரையாசிரியர்களில் உப்பில்லாக் கீரையை மிகச் சரியாக விளக்கியவர் அந்த அக்கா. பசியை நான் கவனித்திருந்தேன், வெட்கத்தையும் கவனித்திருந்தேன். நேற்றும் கேட்டிருப்பாள், முந்தாநாளும் கேட்டிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது பாட்டில் இல்லாத வரி. ஆனால் அந்த வரி இல்லாமல் கதவு சாத்தப்பட்டதன் காரணம் விளங்காது.

இந்தப் பருவத்துக்கான உள்மதிப்பீட்டுத் தேர்வில் கொடைச் சிறப்பை எடுத்துவிட்டேன். கிணைமகள் ஏன் கதவை அடைத்தாள் என்பதுதான் கேள்வி.