பெருங்கூத்தும் பெயர்ப்பும்: செவா மரபுக் காப்பில் மொழியின் இடம்

மலாவி, சாம்பியா, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் வாழும் செவா மக்களின் சடங்குக் கூத்து ‘குலே வம்குலு’ எனப்படும். யுனெஸ்கோ இதனை 2005ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது; 2008இல் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது. இக்கூத்தைப் பற்றிய பிறமொழி எழுத்துகளில் ‘முகமூடி நடனம்’ என்னும் பெயர்ப்பு பெருவழக்காக உள்ளது. இது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

‘குலே’ என்பது கூத்தினையும் ‘வம்குலு’ என்பது ‘பெரிய’ என்னும் அடையையும் குறிக்கும். ‘பெருங்கூத்து’ என்பதே நேர்ப்பொருள். முகமூடி என்னும் கருத்து இப்பெயரில் இல்லை; அது வெளியிலிருந்து காண்போர் ஏற்றியதாகும்.

இப்பிழை பெயரோடு நிற்பதில்லை. நியாவு என்னும் மறைகுழுவில் தீக்கை பெற்ற ஆடவரே ஆடுகின்றனர். பெண்கள் பாடியும் கைகொட்டியும் பங்கேற்கின்றனர். ஆடும் உருவைச் செவா மொழி ‘சிரோம்போ’, அதாவது ‘காட்டு விலங்கு’, என்கிறது. பாந்து மொழிகளில் பெயர்ச்சொல்லின் வகுப்பு வினையின் முன்னொட்டிலும் வெளிப்படும். மனிதன் ஆடினால் ‘அகுவினா’. சிரோம்போ ஆடினால் ‘சிகுவினா’. உள்ளிருப்பவன் மனிதன் என்பதை இலக்கணம் சொல்ல மறுக்கிறது. ‘முகமூடி அணிந்தவர் ஆடுகிறார்’ என்று பெயர்க்கும்போது, சமூகம் மறைத்துக் காக்கும் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் ஒரு விகுதியால் வெளிப்படுத்திவிடுகிறார். திணைப் பாகுபாடுடைய தமிழில் ‘சிரோம்போ ஆடுகிறது’ என அஃறிணை முடிபு தந்து இதனை எளிதில் காக்கலாம்.

உருக்களின் பெயர்களும் கருதத்தக்கவை. ‘கசியமலிரோ’ என்பது மான் வடிவில் பின்னப்பட்ட பேருரு. ஆடுவோர் அதனுள் முழுதும் மறைந்து அதனைச் சுமந்து செல்வர்; எனவே அது முகமூடியே அன்று. ‘சிய’ (விட்டு நீங்கு), ‘மலிரோ’ (இறப்புச் சடங்கு) என்னும் கூறுகள் அப்பெயரில் உள்ளன. ‘மான் உரு’ என்று மட்டும் பெயர்த்தால் இறப்போடு அதற்குள்ள உறவு மறைந்துவிடும். அடிமை வணிகர், ஹோண்டா, ஹெலிகாப்டர் ஆகிய உருக்களும் இக்கூத்தில் இடம்பெறுகின்றன. ஆகவே இம்மரபு பழமையில் உறைந்ததன்று. புதியவற்றுக்கும் தன் போக்கில் பெயரும் இடமும் அளித்துக்கொள்வது.

காப்பு முயற்சிகளை இவ்வடிப்படையில் மதிப்பிடுதல் வேண்டும். முவா என்னுமிடத்தில் 1976இல் கிளாட் பூஷே நிறுவிய குங்கோனி நடுவமும், உருக்களை விரித்துரைக்கும் அவரது 2012ஆம் ஆண்டு நூலும் பெரும்பணிகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறித்தவ மறைப்பணியாளர் பலர் எதிர்த்த கூத்தினை ஒரு கத்தோலிக்கக் குருவே ஆவணப்படுத்தியமை குறிப்பிடத்தக்கது. உருவினை அதன் பெயர், பாடல், அது உணர்த்தும் அறம் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கியதே அந்நூலின் சிறப்பு. எனினும் மறைபொருளை அச்சேற்றும் எந்நூலும் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொண்டே தீரும்: முழுதும் விளக்கப்பட்ட மறை பின்னர் மறையாகாது.

மரத்தையும் வைக்கோலையும் காட்சிப்பேழையில் வைக்கலாம். பெயரையும் பாடலையும் வினைமுடிபையும் வைத்தல் இயலாது. அவை பேசுவோரிடத்தே வாழ்வன. செவாப் பெயர்களை அப்படியே ஆண்டு அருகே பொருள் தருதல், பாடல்களை மூலமொழியிலேயே பதிவுசெய்தல், சமூகம் சொல்லாததைச் சொல்லாது விடுதல் ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்பாளரின் கடமைகள். அவற்றுள் மூன்றாவதே அரியது.