சிரிக்காதவர்கள் முன்னால்

தொலைக்காட்சி நகைச்சுவையில் எனக்கு ஆகாதது நடுவரின் சிரிப்பு. மேடையில் இருப்பவர் பேசி முடிக்குமுன் கேமரா நடுவர் பக்கம் ஓடிவிடும். அவர் மேசையைத் தட்டுவார், கண்ணைத் துடைப்பார். எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்குப் பாடம் நடந்துவிடும். ‘கலக்கப்போவது யாரு’ நமக்குச் சிவகார்த்திகேயனைத் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63-ஆவது கேரளப் பள்ளிக் கலோத்சவம் என்னும் மாணவர் கலைப்போட்டி விழாவில் பிள்ளைகள் சிரிக்க வைக்க முயன்றது எதிரே குனிந்து மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தவர்களை. நடுவர் பெரும்பாலும் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் இருப்பார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான சபை அமையாது.

கேரளக் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸ் போன்றவற்றின் விழா நேரலையில் மிமிக்ரி போட்டி பார்க்கும்போது நான் குரலைவிட மைக்கைத்தான் கவனிப்பேன். இடி என்றால் உதடு மைக்கில் ஒட்டும். தொலைவில் போகும் ரயில் என்றால் முகம் மெல்லத் திரும்பும். ரயில் நகர்வது கழுத்தில்தான். செண்டை மேளத்தில் காலம் ஏற ஏறக் கன்னம் துடிக்கிறது. பையன் மூச்சு எங்கே எடுத்தான் என்று தெரியவில்லை. தெரிந்துவிட்டால் மேளம் போச்சு. பிறகு குரலாக வருவார் கேரளத்தின் முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன். அவர் பேச்சின் அந்த இழுப்பை எத்தனை பேர் செய்துவிட்டார்கள்! ஆனாலும் தேர்ந்த பிள்ளை இழுப்போடு நிற்பதில்லை. அடுத்த சொல்லுக்கு முன் அவர் விட்ட இடைவெளியையும் பிடிக்கிறது. கூட்டம் அந்த மௌனத்தில்தான் சிரிக்கும்.

அதே விழாவில் போட்டியாக இருக்கும் சாக்கியார் கூத்து என்ற கோயில் கலை, இந்தக் கலையின் தாத்தா. தனியாள், எதிரே சபை, கையில் ஒரு புராணக் கதை. முகத்தில் அரிசி மாவு, அதன்மேல் சிவப்புப் பொட்டுகள். ஒரு காதில் குண்டலம், மறு காதில் வெற்றிலைச் சுருள். அந்தக் காதுகளைப் பார்த்தாலே பாதி அரசன், பாதி கோமாளி. சமஸ்கிருதச் சுலோகம் ஒன்று சொல்லி, மலையாளத்தில் விரித்து, விரிக்கிற சாக்கில் முன்வரிசையில் இருப்பவரை வம்புக்கு இழுப்பார். எதிர்த்துப் பேசக் கூடாது, அரசனானாலும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோயிலின் கூத்தம்பலம் என்ற அரங்குக்குள், சாக்கியார் குலத்தவர் மட்டும் ஆடியது. இன்று சீருடை மாற்றிவிட்டு வரும் எந்தப் பிள்ளையும் தலைப்பாகை கட்டிக்கொள்ளலாம். மிழாவு என்ற முரசு முழங்கி நின்றதும் பையன் உடனே பேசமாட்டான். இடமிருந்து வலமாகச் சபையை ஒருமுறை அளப்பான். யார் இன்றைக்கு மாட்டுவார் என்று எல்லோருக்கும் லேசான பயம் வர வேண்டும். அந்தப் பார்வைக்கே நான் மதிப்பெண் போட்டுவிடுவேன்.

கூத்துக்கு மிழாவு வாசித்தபடி தூங்கிப்போன கவிஞர் குஞ்சன் நம்பியாரைச் சாக்கியார் கேலி செய்ய, அந்தக் கோபத்தில் மறுநாளே துள்ளல் என்ற ஆட்டக்கலை பிறந்தது என்பது கதை.  கேலி வாங்கியவர் கண்ட ஓட்டன் துள்ளலும் கேலி செய்த கூத்தும் இப்போது ஒரே விழாவின் போட்டிப் பட்டியலில்!

குறையும் உண்டு. ஏ கிரேடு கிடைத்தால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க். மாவட்டங்களுக்குள்ளோ தங்கக் கோப்பைக்கான ஓட்டம். 2025 விழாவில் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. ஒரு புள்ளிக்காகப் பயிற்சியாளர்கள் எழுதிக் கொடுப்பது நன்றாகவே காதில் விழுகிறது. தனிநடிப்பான மோனோ ஆக்டில் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி நாற்பது வயதுக்காரரின் அரசியல் எரிச்சலைப் பேசுவாள். ஒவ்வொரு கை அசைவும் வாத்தியாருடையது. ஆனால் திடீரென்று பாட்டி பாத்திரம் வரும். முதுகு வளையும், முந்தானை இல்லாத தோளில் முந்தானையைச் சரிசெய்வாள், பேசிக்கொண்டே இடுப்பில் சாவிக்கொத்தைத் தடவிப் பார்ப்பாள். அதை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. வீட்டில் பார்த்துத் திருடியது.