கரை தெரியும் படம்

2004ஆம் ஆண்டு ஒரு நரம்பியல் ஏட்டில் வந்த படம் இது. நாலே கட்டம்: மேலே இரண்டு, கீழே இரண்டு, வெண்பாவுக்கு நாலடி போல. இடப்பக்கம் நலமாயிருந்த 67 வயதுக்காரர் ஒருவரின் மூளை. வலப்பக்கம் அல்சைமர் மறதிநோய் தொடங்கியிருந்த 79 வயதுக்காரரின் மூளை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் குளங்கும் செஸ்டர் மாதிசும் ஆக்கிய, மூளையில் படியும் அமிலாய்டுப் புரதத்தில் ஒட்டும் ஒரு சாயத்தை, ஸ்வீடனின் உப்சாலாவில் நோயாளிகள் 16 பேருக்கும் நோயில்லாதோர் 9 பேருக்கும் ஏற்றிப் பார்த்ததில் கிடைத்தது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையில் இருந்த படிவைப் பற்றிப் பேசியபோது அந்த நோயாளி இறந்துபோயிருந்தார். இந்தப் படத்தில் இருவரும் உயிரோடிருக்கிறார்கள்.

படத்தைக் காட்டினால் எல்லார் கண்ணும் வலப்பக்கச் சிவப்புக்கே ஓடும். நயம் தெரிந்தவர் முதலில் இடப்பக்க மேற்கட்டத்தில் நிற்க வேண்டும். அங்கே மூளை வெறுமையாக இல்லை. உள்ளே மங்கலான ஒரு வெளிச்சம் கிளைவிட்டுப் படர்ந்திருக்கிறது. மூளையின் வெண்பகுதி இந்தச் சாயத்தை எல்லாரிடத்திலும் கொஞ்சம் பிடித்து வைக்கும், அது நோயல்ல. அந்தக் கிளைகளைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக ஓடும் வெளிவிளிம்பு மட்டும் இருண்டு கிடக்கிறது. சாம்பல் நிறப் புறணி அது. நாம் நினைப்பதும் பேசுவதும் பெரும்பாலும் அங்கேதான். உள்ளே வெளிச்சம், வெளியே இருள், நடுவே வளைந்து நெளிந்து ஒரு கோடு.

மட்டக்களப்பு வாவியை வானத்திலிருந்து எடுத்த படத்திலும் இப்படியொரு கோடு உண்டு. பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை 56 கிலோமீற்றர். நிலத்துக்குள் விரல்விட்டு நுழையும் ஓடைகள், கண்டல் காடு, வயல். எது நீர், எது நிலம் என்று கோடைப் படத்தில் கேட்கவே தேவையில்லை.

இப்போது வலப்பக்க மேற்கட்டம். மஞ்சளும் சிவப்புமாக நெற்றிப்புறமும் பக்கப்புறமும் விளிம்புவரை நிரம்பிவிட்டன. அந்த 16 பேரிடமும் சராசரியாக, நோயில்லாதோரிடம் தங்கியதைப் போல நெற்றிப் புறணியில் 1.94 மடங்கு, சுவர்மடலில் 1.71 மடங்கு சாயம் தங்கியிருந்தது. ஆனால் எண்ணைவிட நுட்பமானது அந்தக் கோடு காணாமற்போனதுதான். மாரியில் மேற்கே குளங்கள் நிறைந்து தண்ணீர் இறங்க, முகத்துவாரம் இன்னும் மூடிக்கிடக்கும் நாட்களில் வாவியும் வயலும் ஒரே வெள்ளமாகிவிடுமே, அப்படி. பின்னால் வந்த புளோர்பெட்டாபிர் என்ற சாயத்தின் படங்களை மருத்துவர்கள் நிறமே இல்லாமல், கறுப்பு வெள்ளையில் படிக்கிறார்கள். வெண்பகுதிக்கும் புறணிக்கும் நடுவே கரை தெரிகிறதா என்பதே அவர்கள் பார்ப்பது. சிவப்பு வெறும் ஒப்பனை. பொருள் கரையில் இருக்கிறது.

சாயம் மூளைக்குள் போன கதையிலும் ஒரு நயம் உண்டு. தயோபிளேவின் என்ற பழைய மஞ்சள் சாயம் அமிலாய்டைத் தேடிப் பிடிப்பதில் கெட்டி. ஆனால் அது மின்னேற்றம் உடையது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் வாசல் அதை விடாது. அந்த ஏற்றத்தை நீக்கியதும் வாசல் திறந்தது. இருந்ததில் ஒன்றைக் குறைத்து வழி கண்ட கைவேலை அது. பிறகு அதில் கதிர்வீசும் காபன்-11 அணுவைப் பொருத்தினார்கள்.

அந்த அணு உமிழும் பொசித்திரன் பக்கத்தில் உள்ள ஓர் இலத்திரனோடு மோத, இரண்டும் அழிந்து, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் சடங்கில் வடசேரி, தென்சேரி என்னும் இரு கட்சியாரும் கொக்கிபோல் கோத்த கொம்புகளை இழுக்கும்போது, கொம்பு முறிந்த கணத்தில் இருபக்கத்தாரும் எதிரெதிரே சாய்வார்கள். சாய்ந்தவர்களை மட்டும் பார்த்தாலே கொம்பு எந்தக் கோட்டில் நின்றதென்று சொல்லிவிடலாம். தலையைச் சுற்றி வளையமாக நிற்கும் கருவி செய்வது இதுதான். ஒற்றையாக வந்த கதிரை அது தள்ளிவிடும். ஒரே கணத்தில் எதிரெதிரே வந்த இணையை மட்டும் எடுத்துக் கோடு கீறும். அப்படிப்பட்ட இலட்சக்கணக்கான கோடுகளைக் கணக்கிட்டுத்தான் இந்த நிறங்கள் பிறந்தன.

ஊசி போட்ட உடனே படம் பிடிப்பதில்லை. முதலில் சாயம் இரத்தத்தோடு மூளை முழுதும் பரவும். பிடிப்பில்லாத இடத்திலிருந்து அது வடிந்துபோகக் காத்திருக்க வேண்டும். மேற்கட்டங்கள் 40 முதல் 60 நிமிடத்துக்குள் திரட்டியவை. காபன்-11 இருபது நிமிடத்துக்கொரு முறை பாதியாகும். அறுபதாம் நிமிடத்தில் மிஞ்சுவது எட்டில் ஒன்று. வடிவதற்கும் மறைவதற்கும் இடையிலுள்ள குறுகிய நேரத்தில் பிடித்த படம் இது. கொழும்பில் செய்து தெருவழியே ஏழு மணிநேரம் ஓடினால், மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்கு அந்தச் சாயம் வந்துசேரும், கதிர் வந்துசேராது. 110 நிமிடத்தில் பாதியாகும் புளோரின்-18 என்றால் நூற்றில் ஏழு பங்கு மிஞ்சும்.

இனிக் கீழ்வரிசை. அதே இரு மூளைகள், வேறொரு சோதனை: எந்த இடம் எவ்வளவு குளுக்கோசை எரிக்கிறது என்பது. நோயாளியின் பக்கமடலும் சுவர்மடலும் மங்கிவிட்டன. அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வயதானவர் பேச்சுத் தடம் மாறினால் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்போமே, அந்தச் சொல் காண்பது கீழ்வரிசையை. எதுவோ இடம்விட்டுப் போய்விட்டது என்கிறது அது. மேல்வரிசை சொல்வது வேறு: எதுவோ வந்து தங்கிவிட்டது. வந்ததை ஒரு வரியிலும் போனதை மறு வரியிலும் வைத்ததே இந்தப் படத்தின் யாப்பு.

அம்புக்குறி விழாத ஓர் இடம் இருக்கிறது. நோயாளியின் நெற்றிப்புறத்தை மேலும் கீழுமாக ஒப்பிடுங்கள். மேலே அது சிவந்து நிறைந்திருக்கிறது. கீழே அதே நெற்றிப்புறம் குறைவில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. வந்துவிட்டது, ஆனால் இன்னும் போகவில்லை. படிவு தொடங்குவது மறதிக்கு 15, 20 ஆண்டுகள் முன்பே என்று பிற்கால ஆய்வுகள் சொன்னதன் சாயலை, ஒரே தலையின் ஒரு மூலையில் இங்கே பார்க்கலாம். மேலே சிவந்தும் நினைவு கெடாமல் வாழ்ந்து முடிப்போரும் உண்டு.

படிவு ஏன் சேர்கிறதென்று 2010இல் அமெரிக்காவின் சென் லூயிசில் அளந்து பார்த்தார்கள். நோயாளிகளின் மூளையில் அமிலாய்டுப் புரதம் உண்டாகும் வேகம் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது. வெளியேறும் வேகம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. வாவிக்கரையில் இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறு அதே ஆறுதான். வாவி கடலோடு சேரும் பாலமீன்மடுவில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டிருக்கிறது.

2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெகனெமாப் மருந்து படிவைக் கரைக்கிறது. மேல்வரிசையின் சிவப்பு தணிவதைப் படத்திலேயே காணலாம். ஆனால் 18 மாதச் சோதனையில் நோயின் இறக்கம் 27 வீதம் மெதுவானது, நிற்கவில்லை. முகத்துவாரத்தை வெட்டினால் வெள்ளம் வடியும். அழுகிய வேளாண்மை எழும்பாது. அதனால்தான் மறுபடி மறுபடி அந்த நெற்றிப்புறத்துக்கே திரும்புகிறேன். வெள்ளம் வரம்பு தாண்டிவிட்டது. கதிர் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது.