ரம்பாமின் நடுவழியும் நம் மேடைகளும்

யூத அறநூல் மரபைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தலைவர் ஐயா கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. மன்றத்துப் பெரியவர்கள் சொல்லை நான் தட்டியதே இல்லை. உறுப்பினர்கள் யூத அறிஞர் சாதியா காலத்துப் பாக்தாத் முதல் எல்லாவற்றையும் பலமுறை கேட்டவர்கள். அதனால் பரம்பரைப் பட்டியலை மறுபடி விரிக்காமல் நேரே ஸ்பெயினின் சரகோசாவுக்குப் போய்விடுகிறேன்.

அந்த ஊர் நமக்கு இருவரைத் தந்தது. இபின் கபிரோல் 1045இல் எழுதிய நூலில் இருபது குணங்களைப் புலனுக்கு நான்காக ஐம்புலன்களுக்கும் பங்கிட்டார். கோபத்தை மூக்கின் கணக்கில் சேர்த்தார். ‘மூக்குக்கு மேல் கோபம்’ என்று பேசுகிற நமக்கு அது விந்தையாக இராது. கட்டுமானம் அழகு, அதை வைத்துக்கொண்டு ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ள முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மற்றவர் பகியா இபின் பகூதா. கைகால்கள் செய்யும் கடமைகளைப் பேசி முடித்துவிட்டார்கள், இதயத்தின் கடமைகளை யார் பேசுவது என்று கேட்டுப் பத்து வாயில்களைத் திறந்தவர். சூஃபிகளின் வாசனை அந்நூலில் நன்றாகவே வீசும். நம் மன்றத்தில் பகியா அணியினரே அதிகம்; அவர்களில் பலர் என் நெடுநாள் நண்பர்கள்.

எங்கள் ஆசான் வழி ரம்பாம் வழி, அதாவது மைமோனிதெஸின் வழி. கல்லூரியில் அரபு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு அவர் எபிரேய எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். ரம்பாமின் ‘எட்டு அதிகாரங்கள்’ எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு நூல் அல்லவா? நீள அட்டை ஒன்றில் அலெஃபுக்கு நேரே அலிஃப், பேத்துக்கு நேரே பா என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார். அதைப் பக்கத்தின்மேல் வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். ஒரு மாலையில் அரைப்பக்கம் நகர்ந்தால் அதிகம். யாராவது கைக்கடிகாரத்தைப் பார்த்தால், “ரம்பாம் எங்கேயும் போய்விட மாட்டார், நீங்கள் போவதானால் போய்வாருங்கள்” என்பார்.

அப்படி ஊன்றிப் படித்ததால்தான் நாலாம் அதிகாரம் எங்களுக்குப் பிடிபட்டது. அங்கே பேசுவது ஒரு வைத்தியர். கருமியிடம் ‘அளவாகக் கொடு’ என்று சொல்லிப் பயனில்லை. ஊதாரியைப் போல அள்ளி இறைக்கும்படி அவனைப் பழக்க வேண்டும். கருமித்தனம் கழன்றதும் நடுவுக்கு இழுத்துவர வேண்டும். ஊதாரியைத் திருத்தும்போது மட்டும் எதிர்ப்பக்கம் அவ்வளவு தூரம் தள்ளக் கூடாது. ஊதாரி வள்ளலாவது எளிது, கருமி வள்ளலாவது கடினம் என்பது அவர் கணிப்பு. ‘எட்டு அதிகாரங்கள்’ இடம்பெறும் மிஷ்னா உரையை 1168இல் முடித்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். ஆயிரம் பொற்காசை ஒரே ஆளுக்கு ஒரே முறையில் கொடுப்பதைவிட, ஒவ்வொரு காசாக ஆயிரம் முறை கொடுப்பவனின் கை நன்றாகப் பழகும் என்றும் அதே உரையில் சொல்கிறார்.

பிறகு எழுதிய ‘மிஷ்னே தோரா’ என்ற சட்டத் தொகுப்பில், குணங்களைப் பேசும் தேயோத் பகுதியின் இரண்டாம் அதிகாரத்தில், நடுவழிக்குத் தாமே விலக்கு வைக்கிறார். செருக்கு, சினம் இரண்டிலும் நடு என்பதே கிடையாது. மறுகோடிவரை போய்விட வேண்டும். வீட்டாரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் முகத்தில் மட்டும் கோபத்தைக் காட்டலாம், உள்ளே அமைதி குலையக் கூடாது. பணிவுக்கு அவர் மிஷ்னா உரையில் முன்பே சொன்ன கதையை நம் மேடைகளில் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். வணிகர்கள் நிறைந்த கப்பலின் அடித்தளத்தில் கந்தலுடன் ஒரு பக்தர் கிடக்கிறார். ஒருவன் அவரைத் துச்சமாக எண்ணி அவர்மேலேயே சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறான். தம் மனம் கொஞ்சமும் நோகவில்லை என்று கண்ட அந்த நாள்தான் வாழ்நாளிலேயே மகிழ்ச்சியான நாள் என்கிறார் அந்தப் பக்தர். பகியா அணியினர் உரிமை கொண்டாட வேண்டிய கதை இது. ரம்பாமின் மகன் ஆபிரகாம் பக்தி வழியில் அவ்வளவு தூரம் போனார் என்றால் வித்து தந்தையிடமே இருந்தது என்பார் ஆசான்.

பின்னாளில் வந்த லித்துவேனிய மூசார் (அறப்பயிற்சி) பள்ளிகளைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். அந்த இயக்கத்தைத் தொடங்கிய சலாந்தரின் வழிவந்தவர்களில் கெல்ம் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டது, ஸ்லபோத்கா மனிதனின் மேன்மையை. நோவர்தோக் மாணவர்கள் மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்பார்கள், கேலிக்கு ஆளாகிப் பழகுவதற்காகவே. கப்பல் பக்தர் அவர்களை மெச்சியிருப்பார்.

இனிச் சொல்லப்போவது யாரையும் குறித்தல்ல. இன்று இத்துறையில் பேசுகிற இளைஞர்கள் ஆர்வமும் திறமையும் உள்ளவர்கள், பெரியவர்களிடம் மரியாதையும் உண்டு. ஆனாலும் அரிஸ்டாட்டிலின் நடுநிலையை ரம்பாம் அப்படியே எடுத்துக்கொண்டார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தால் கேட்பவன் என்ன செய்வான்? ரம்பாம் வகுத்த தருமத்தின் எட்டுப் படிகளைத் திரையில் போடுகிறார்கள். கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தந்து ஒருவனைத் தூக்கிவிடும் உச்சிப்படிக்குக் கைதட்டல் விழுகிறது. முகம் சுளித்துக் கொடுப்பவன் நிற்கும் எட்டாம் படி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் நிற்பது அந்தப் படியில்தானே! பொன்னாடை போர்த்த இருபது நிமிடம், பேச்சுக்குப் பத்து நிமிடம். நூலைத் திறப்பவர் இல்லை, அதிகார எண் சொல்பவர் இல்லை, கேள்வி கேட்பவர் இல்லை, கேட்டால் பதில் இல்லை. மன்ற நூலகத்துப் பிரதியில் தேயோத் பகுதியின் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஒருவர் ரம்பாமை உணர்ச்சியற்ற பகுத்தறிவாளர் என்றே மேடையில் முத்திரை குத்தினார். நான் எழுந்திருக்கவில்லை, தலைமை வகித்தவர் எனக்கு மூத்தவர். இறந்தவனுக்காக அளவுக்கு மீறி அழக் கூடாது என்று சட்டம் எழுதியவர்தான் ரம்பாம். ஆனால் தம்பி தாவீது வணிகத்துக்காகப் போய் இந்தியக் கடலில் மூழ்கியபோது ஓராண்டு படுக்கையில் கிடந்தார். பல ஆண்டுகள் கழித்தும் தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு புரள்கிறது என்று ஏக்கர் நகரத்து நண்பருக்கு எழுதினார். ஆசான் வகுப்பில் அந்தச் சட்டத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒரே நாளில்தான் வாசிப்போம். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் ரம்பாமைப் பற்றிப் பேசலாமா என்று அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். எனக்கு அந்த உரிமை இல்லை.

வரும் ஆண்டு மாதக் கூட்டங்களில் சொற்பொழிவைக் குறைத்து, தேயோத் முதலிரண்டு அதிகாரங்களை வரிவரியாக வாசிக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பகியாவின் முதல் வாயிலையும் சேர்க்க வேண்டும் என்று அந்த அணியினர் கேட்கிறார்கள். அது இறைவனின் ஒருமையைப் பற்றிய கடுமையான வாயில், புதியவர்கள் திணறுவார்கள். தன்னைத்தானே கணக்குப் பார்க்கும் எட்டாம் வாயிலிலிருந்து தொடங்குவதானால் எனக்கு மறுப்பில்லை.