பறக்கத் தெரிந்தவர்கள் நடக்கக் கேட்டார்கள்

நற்றிணையின் 68ஆம் பாடலில் தோழி ஒரு கேள்வி கேட்கிறாள். இளம்பெண்களைத் தோழியர் கூட்டத்தோடு விளையாட விடாமல் வீட்டுக்குள் அடைத்துவைப்பது அறமாகாது, வீட்டின் வளமும் அதனால் குன்றும் என்று தாயிடம் எடுத்துச் சொல்ல ஆள் உண்டா என்பது அவள் கேள்வி. மறைந்து நிற்கும் தலைவன் காதில் விழும்படி இற்செறிப்பை உணர்த்திய பேச்சு இது என்று துறைக் குறிப்பு சொல்லும். தேர்வுக்கு அது போதும். ஆனால் காதலனுக்கான செய்தியாக மட்டும் அதைப் படித்தால், பெண்ணின் விளையாட்டு அறத்தோடும் பொருளோடும் சேர்த்துப் பேசப்பட்டிருப்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அந்தத் தோழியர் கூட்டத்துக்குத் தமிழில் ‘ஆயம்’ என்று பெயர். வண்டல் இழைத்ததும், கழங்கு ஆடியதும், ஓரை ஆடியதும் ஆயத்தோடுதான். தலைவி தனியாக விளையாடியதாகச் சங்கப் பாட்டில் தேடிப் பிடிப்பது கடினம். கூடி விளையாடுகிறவர்கள் விதியை வகுப்பார்கள், விதி மீறியவளோடு சண்டை போடுவார்கள், சமாதானமாகி விதியை மாற்றுவார்கள். தட்டாங்கல் ஆடும் திண்ணையில் கல்லைவிட அதிகம் புழங்குவது பேச்சுதான். கல் கையில் பட்டதா இல்லையா, தவறவிட்டவளுக்கு மறுபடி வாய்ப்பு உண்டா என்று எல்லாமே அங்கேயே பேசி முடிவாகும். பெண்ணை விளையாட்டிலிருந்து விலக்கும்போது கூடிப் பேசி விதி வகுக்கும் இந்தப் பயிற்சியிலிருந்தும் அவளை விலக்குகிறோம்.

இன்று விளையாட்டுக் களம் கைபேசிக்கும் கணினிக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இணைய விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது ரம்மியும் கடனும் தற்கொலையும். 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றி, திரும்பி வந்து, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற தடைச் சட்டத்தின் பின்னால் உண்மையான சாவுகள் இருக்கின்றன. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சூதாட்டத்தைப் பற்றிய அச்சம் எல்லா இணைய விளையாட்டின் மீதும் படியும்போது, அதன் முழுச் சுமையும் பெண்பிள்ளை மேல்தான் விழுகிறது. பையனுக்கு “கொஞ்ச நேரம் விளையாடிட்டுப் படி” என்பார்கள். பெண்ணிடமிருந்து கைபேசியையே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஆகவே, பணம் வைத்து ஆடாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதை ஆடியவர்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பெற்றார்கள், எது மறுக்கப்பட்டது என்று பார்க்க விரும்புகிறேன். அமெரிக்காவின் கிரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்க, தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2004 ஏப்ரலில் வெளியிட்ட ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ அது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இணையம் வழியாக ‘பாரகன் சிட்டி’ என்ற கற்பனை நகரத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாகி, குழுவாகச் சேர்ந்து வில்லன்களை எதிர்ப்பார்கள்.

இதில் என்னைக் கவர்ந்த முதல் அம்சம் ‘சைட்கிக்’ ஏற்பாடு. இத்தகைய விளையாட்டுகளில் ஆட ஆட நிலை உயரும். 40ஆம் நிலையில் இருப்பவளோடு நேற்றுச் சேர்ந்தவள் சேர்ந்து ஆட முடியாது. முதல் அடியிலேயே விழுந்துவிடுவாள். சிட்டி ஆஃப் ஹீரோஸில் உயர்நிலையில் இருப்பவர் புதியவரைக் கூட்டாளியாக ஏற்றுக்கொண்டால், புதியவரின் வலிமை ஏறத்தாழ அவர் அளவுக்கு உயரும். இதன் மறுபக்கமும் உண்டு. மூத்தவர் தன் நிலையைத் தாழ்த்திக்கொண்டு புதியவரின் களத்துக்கு இறங்கி வரலாம்.

நம் தெரு விளையாட்டிலும் சின்னவளைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அவளை ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆக்கிவிடுவோம். அவள் ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் கணக்கில் வரமாட்டாள். உடற்குறையை வசையாக்கும் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த ஏற்பாடு திண்ணையைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் வந்த பிறகும் தலைவி கையெழுத்துப் போட, கணவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் ஊர்களை நாம் அறிவோம். சேர்த்துக்கொள்வது வேறு, கணக்கில் எடுத்துக்கொள்வது வேறு. சைட்கிக் ஆனவள் அடித்த அடி கணக்கில் வந்தது. தோழமையை நல்ல குணமாக மட்டும் விட்டுவிடாமல் விளையாட்டின் விதியாகவே எழுதி வைத்ததில் இருக்கிறது அந்த ஏற்பாட்டின் அருமை.

இரண்டாவது, நடை. பாரகன் சிட்டியில் பறக்கலாம், மின்னலாக ஓடலாம், கட்டடம் தாண்டிக் குதிக்கலாம், ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றலாம். நிதானமாக நடக்க மட்டும் முடியாது. விசையை அழுத்தினால் ஓட்டம்தான். ஆடியவர்களுக்கு நடை வேண்டியிருந்தது. 2009இல் அது வந்தது. நடக்கும்போது மற்ற எந்த ஆற்றலும் வேலை செய்யாது. சண்டைக்கு உதவாது, நிலையை உயர்த்தாது, எங்கும் விரைவாகக் கொண்டு சேர்க்காது. நண்பர்களோடு தெருவில் பேசிக்கொண்டு போவதற்கு மட்டும்தான் அது.

பறக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்கு நடை? பெண்களுக்கு இதன் விடை உடனே விளங்கும். பெண்ணைப் பற்றிய நம் புகழ்ச்சிகள் எல்லாம் பறக்கிற புகழ்ச்சிகள். சக்தி என்போம், விண்வெளிக்குப் போனவளைக் காட்டுவோம். மாலை 7 மணிக்குப் பேருந்து நிலையத்தில் காரணம் ஏதுமின்றி நிற்க முடியுமா, கடைத்தெருவில் வேலையில்லாமல் நடக்க முடியுமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பயனில்லாத நடைதான் ஓர் இடத்தை ஒருவருடைய ஊராக ஆக்குகிறது.

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது சைக்கிளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பி. சாய்நாத் அதை உலகம் அறிய எழுதினார். தண்ணீர் எடுப்பது, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவது என்று பயன்களைப் பட்டியலிடலாம், அவை உண்மை. ஆனால் கேலியையும் ஏச்சையும் தாங்கி அவர்கள் கற்றது பயனுக்காக மட்டும் அல்ல. யாரையும் எதிர்பார்க்காமல் தானே கிளம்பிப் போவதன் சுகமும் அதில் இருந்தது. ‘லேடீஸ் சைக்கிள்’ போதாமல் போனபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. யாருக்காகவோ வடிவமைத்த பொருளை ஓட்டுகிறவர்கள் தம் தேவைக்கு மாற்றிக்கொண்ட கதைதான் இதுவும்.

மூன்றாவது அம்சத்தில் சிட்டி ஆஃப் ஹீரோஸ் இடறுகிறது. இந்த விளையாட்டின் புகழே உருவம் சமைக்கும் பகுதிக்குத்தான். முகம், தோள், இடுப்பு, கால், உடை, நிறம் என்று மணிக்கணக்கில் செதுக்கலாம். அட்லஸ் பார்க்கில் நின்றுகொண்டு அவர்களே உடைப் போட்டி நடத்துவார்கள். ஆனால் செதுக்கத் தொடங்கும் முன் உடல் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வகைகள் மூன்று: ஆண், பெண், பேருடல். அந்தப் பேருடல் ஆணுடையது. பெண்ணை உயரமாக்கலாம், ஓரளவு பருமனாக்கலாம். மலைபோன்ற பெண்ணை உருவாக்க முடியாது.

பெரியாச்சியையும் காளியையும் கும்பிட்டு வளர்ந்த கண்ணுக்கு இது விசித்திரம். நம் பெண் தெய்வங்கள் கட்டுடல் அழகிகள் அல்லர். மடியில் ஒருத்தியைக் கிடத்திக் குடலை உருவும் பெரியாச்சியை ஒல்லி இடுப்புக்காரியாக எந்த வேளாரும் வனைந்ததில்லை. கல் குவாரியிலும் வயலிலும் உழைக்கும் பெண்களின் தோளும் கையும் அந்தப் பெண் வகைக்குள் அடங்காதவை. வானத்தில் பறப்பதைக் கற்பனை செய்ய முடிந்த வடிவமைப்பாளருக்குப் பருத்த பெண்ணின் வலிமையைக் கற்பனை செய்ய முடியவில்லை. கற்பனையின் எல்லை எங்கே முடிகிறது என்று பார்த்தால் வடிவமைத்தவரின் அன்றாட உலகம் தெரிந்துவிடும்.

இங்கே உடைமைக் கேள்வி எழுகிறது. ஆயத்தின் விளையாட்டு ஆயத்துக்கே சொந்தம். மணலும் கல்லும் யாருடையவையும் அல்ல. இணைய விளையாட்டில் மணலுக்கும் கல்லுக்கும் உரிமையாளர் இருக்கிறார். 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம், ஆடுகிறவர்கள் தன் நாயகர்களைப் போன்ற உருவங்களைச் செய்துகொள்ள இந்த விளையாட்டு இடம் தருகிறது என்று வழக்குத் தொடுத்தது. 2005 டிசம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. உருவம் சமைக்கும் பகுதி மாறவில்லை. துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் சூப்பர்மேன் ஆவதைத் தடுக்க எந்த நிறுவனமும் தெருவுக்கு வராது. கணினிக்குள் அதே ஆசை வழக்காகிவிடுகிறது.

2012 ஆகஸ்ட் 31 அன்று விளையாட்டு மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதை அப்போது உருவாக்கி வந்த பாரகன் ஸ்டுடியோஸும் கலைக்கப்பட்டது. மூட வேண்டாம் என்ற மனுவில் 20,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். செப்டம்பரில் அட்லஸ் பார்க்கில் தீப்பந்தம் ஏந்தித் தம் நாயகர்களின் உருவில் கூடி நின்றார்கள். நவம்பர் 30 அன்று நகரம் அணைந்தது. எட்டரை ஆண்டுகளாக அங்கே சந்தித்துக்கொண்டவர்களின் ஊர் ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டு முடிவால் இல்லாமல் போனது.

கதை அங்கே முடியவில்லை. 2019 ஏப்ரலில் ஓர் உண்மை வெளியே வந்தது. ஒரு சிறு குழு அந்த விளையாட்டைப் பல ஆண்டுகளாக இரகசியமாகத் தன் சர்வரில் நடத்திவந்திருக்கிறது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் கொதித்துப்போனார்கள். அழுத்தத்தில் நிரல் பொதுவெளிக்கு வந்தது. ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் அதை எல்லோருக்கும் திறந்தார்கள். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமம் அளித்தது.

ஆடுகிறவர்களின் வெற்றி என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் அந்த இரகசிய ஆண்டுகளை மறக்கக் கூடாது. நிறுவனம் பூட்டிய கதவை உடைத்தவர்களே உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்கள். கூட்டம் என்பதாலேயே அது நியாயமானது ஆகிவிடாது. நம் திண்ணைக்கும் இது பொருந்தும். தட்டாங்கல் வட்டத்தில் எந்தத் தெருப் பெண் உட்காரலாம், எவள் எட்ட நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்த திண்ணைகள் உண்டு. ஆயத்தை ஏக்கத்தோடு மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் எட்ட நின்றவள் மறுபடி மறைந்துபோவாள்.

என் மாணவிகளில் சிலர் கைபேசியில் குழுவாகச் சுட்டு விளையாடுகிறவர்கள். ஆண் பெயரில் ஆடுகிறார்கள், மைக்கை அணைத்துவிடுகிறார்கள். குரல் கேட்டால் என்ன நடக்கும் என்று கேட்கவே தேவையில்லை என்பது போலச் சிரிக்கிறார்கள். களத்தில் இருக்கிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். அடுத்து எங்கே போகலாம், யாரைச் சேர்க்கலாம், எது நியாயம் என்ற பேச்சில் மட்டும் இல்லை. வீட்டில் இற்செறிப்பு என்றால் களத்தில் வாய்ச்செறிப்பு. வேகமான விரல்களோடு அவர்கள் அங்கே ஒப்புக்கு நிற்கிறார்கள்.

விளையாடுகிறவர்கள் கூடிப் பேசியதால் பறக்கும் நகரத்துக்கு நடை வந்தது, அணைந்த நகரம் மறுபடி ஒளிர்ந்தது. பேருடல் பெண் இன்னும் வரவில்லை. அவளைக் கேட்க வேண்டியவர்களில் என் மாணவிகளும் உண்டு. கைபேசியை வைத்துக்கொள்ள விடுங்கள் என்று வீட்டில் வாதாடுவது முதல் படி. அதைவிடக் கடினமான படி, மைக்கைத் திறந்துவைத்துக்கொண்டு தன் சொந்தக் குரலில் “இந்த விதி சரியில்லை” என்று சொல்வது. அப்படிச் சொல்பவளுக்குத் துணையாக அடுத்த குரல் எழுந்தால், அங்கே ஓர் ஆயம் பிறந்துவிட்டது என்று கொள்ளலாம்.