கடன் சொல்லும் கலப்பு மொழியும்: மலையகத் தமிழாய்வு குறித்து

மலையகத் தோட்டங்களுக்கு வெளிக்கள ஆய்வின் பொருட்டுச் செல்லும் மாணவர் சிலர், அங்குள்ள மக்களின் பேச்சைக் ‘கிரியோல்’ என்றோ ‘கலப்பு மொழி’ என்றோ பெயரிட்டு அமைகின்றனர். அட்டனிலும் நுவரெலியாவிலும் வழங்கும் பிறமொழிச் சொற்களே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இம்முடிபு மீள நோக்கற்பாலது.

பிறமொழிச் சொல் புகுவதனால் மட்டும் ஒரு மொழி கிரியோல் ஆகிவிடுவதில்லை. வேற்று மொழியினர் கூடுமிடத்தில் இலக்கண அமைப்பே புதிதாக உருப்பெற்றுத் தாய்மொழியாக நிலைத்தல் வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம்; வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்போ தமிழின் சாயலுடையது. இலங்கை மலாயும் இந்நாட்டு மொழிகளைப் போல வேற்றுமை உருபுகளை வளர்த்துக்கொண்டது. அதன் மலைநாட்டு வழக்குக்குச் செபாஸ்டியன் நோர்டோஃப் 2009இல் விரிவான இலக்கணம் வகுத்தார். எனினும் அம்மொழி கிரியோலா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை.

தோட்டத் தமிழின் நிலை வேறு. ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘லயம்’ ஆகி, ‘லயத்திலே’, ‘லயத்துக்கு’ எனச் சாரியையும் உருபும் ஏற்கின்றது. ‘மரம்’ என்ற சொல்லின் நெறியே இதற்கும் நெறி. வந்த சொல் தமிழிலக்கணத்துக்கு அடங்கியதேயன்றி, இலக்கணம் சிதையவில்லை. மேலும், ‘கங்காணி’, ‘துரை’ ஆகிய தமிழ் வழக்குகள் தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்தில் இடம்பெற்றன. கொடுக்கல் வாங்கல் இருவழிப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாறாகவும் ‘கலப்பு’ என்னும் பெயர் நிலைப்பதற்குப் பழைய நோக்கொன்று துணைநிற்கின்றது. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் ‘கூலித் தமிழ்’ போன்ற கைந்நூல்கள், துரைமார் வேலை வாங்குதற்பொருட்டு எழுந்தவை. ஏவுவோன் கற்ற தமிழை ஏவப்பட்டோரின் தமிழாகக் கொள்வது ஆய்வுநெறி ஆகாது. அம்மக்களின் மொழிவளத்தை அறிய விழைவோர், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) போன்ற தொகுப்புகளையே முதற்கண் நாடுதல் வேண்டும்.

பெயரிடல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவ்வுரிமையை மீட்கப் பல்லாண்டுகள் சென்றன. அத்தகையோரின் மொழியைக் குறைமொழி எனப் பதிவுசெய்யுமுன், லயத்திலும் கொழுந்து மலையிலும் காமன் கூத்துக் களத்திலும் வழங்கும் பேச்சை நேரிற் கேட்டுப் பதிதல் மாணவ ஆய்வாளரின் கடனாகும்.